பெட்ரோல் மூடிக்கு வைத்த சந்தனம்

என் சமையலறை அலமாரியில் எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில் ஒரு காரின் பெட்ரோல் மூடி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற வட்டம். மேலே மினுங்கிய பூச்சு உரிந்து பித்தளை தெரிகிறது. நடுவில் ஒரு ஓட்டை. தையல் ஊசி நுழையும், கோணி ஊசி நுழையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ டப்பாவின் மூடி என்று நினைத்து அதைக் கொண்டு உப்பு ஜாடியை மூடப் பார்ப்பார்கள். நான் வாங்கி மறுபடியும் அதன் இடத்தில் வைத்துவிடுவேன். போன மாதம் என் மகனுடைய பழைய கார் குமுளி மலையில் பாதி வழியில் நின்றுபோனது. தேனியிலிருந்து வந்த மெக்கானிக் முள் ஆடுகிற ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற வேகம் போதாது, பிரஷர் கம்மி, பம்பை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். மகன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "டாங்கி மூடியத் தெறந்து பாத்தீகளா?" என்பதுதான். இந்தக் காலத்து வண்டிக்கு அதெல்லாம் வராதும்மா என்று சிரித்தான். அவன் போன பிறகு அலமாரிக்குப் போய் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூடி அக்காவுடையது. அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி. கம்பத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஏலக்காய் வியாபாரம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். கடையில் எல்லோரும் அண்ணனைப் பெரிய முதலாளி என்பார்கள். நானும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன், மைத்துனர் பெயரை வாயால் சொல்ல முடியாதே. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது யுத்தம் தொடங்கியிருந்தது. பேச்சுத் துணைக்கு எனக்கு அந்த வீட்டில் கிடைத்தவள் அக்கா ஒருத்திதான், அவள் ஒருத்தியே பத்துப் பேருக்குச் சமம். அவள் வாய்க்குப் பயந்தே பால்காரர் சொம்பில் தண்ணீர் ஊற்ற யோசிப்பார். யாரைப் பற்றியும் ஒரு வரியில் சொல்லிவிடுவாள், அந்த வரி அந்த ஆளோடு ஒட்டிக்கொள்ளும். ஊரில் பாதிப் பேரின் பட்டப்பெயர் எங்கள் அடுப்படியில் பிறந்தது என்று என் கணவர் சொல்வார். எனக்கு அது அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கார் ஏலத்தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஏற்கெனவே வயதான வண்டி. பெட்ரோல் டாங்கி பின்பக்கம் இருக்கும், மூடி வெளியில் தெரியும். முன்னால் எஞ்சினோடு ஒட்டிய பம்பு அந்தப் பெட்ரோலைக் குழாய் வழியாக இழுத்துக் கொடுக்கும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அக்காவுக்கு அந்த வண்டி, தொழுவில் கட்டியிருக்கிற பசுவுக்கு அடுத்தபடி. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு சந்தனக் கிண்ணத்தோடு கார்க் கொட்டகைக்குப் போவாள். விளக்கு இரண்டுக்கும், ஸ்டேரிங்குக்கும், நான்கு சக்கரத்துக்கும் பொட்டு. கடைசியில் பின்பக்கம் போய் டாங்கி மூடிக்கு மட்டும் நல்ல கெட்டியாக, உள்ளங்கையால் அப்பி, நடுவில் குங்குமம். மூடிக்கு எதற்கு இவ்வளவு என்று ஒரு தடவை கேட்டேன். "சாப்பிடுற வாய்க்குப் பொட்டு வைக்காம, ஒதைக்கிற காலுக்கா வைப்பாக?" என்றாள்.

டிரைவர் கெங்குவார்பட்டிக்காரர். கொடைக்கானல் மலையில் வெள்ளைக்காரர்களுக்கு வண்டி ஓட்டிப் பழகியவர். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டியைத் தொட மாட்டார், சபைக்குப் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் அவருக்கு வண்டியே வேதம். புறப்படுவதற்கு முன்னால் ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் துடைப்பார். அதில் அக்கா வைத்த சந்தனமும் போய்விடும். எத்தனையோ வெள்ளிக்கிழமை அப்படிப் போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் அக்கா எதற்கோ கொட்டகைப் பக்கம் திரும்பிப் போனவள், அவர் மூடியைத் தேய்த்துத் துடைப்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்ப்பா டிரைவரு, ஒங்க சாமிக்கு ஆகாதுன்னா அத ஒங்க வீட்டோட வச்சுக்க. நான் வச்சத அழிக்க நீ யாரு?"

அவர் பதறிப்போனார். "அய்யோ, அப்படி இல்ல ஆத்தா. தூசியத்தான் தொடச்சேன். இது எல்லா வண்டிக்கும் செய்யிறதுதான்" என்றார். அக்கா வீட்டுக்குள் வந்துவிட்டாள். அடுத்த வெள்ளியிலிருந்து அவர் துடைக்கிற விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு பொட்டையும் சுற்றி விரல் படாமல் துணியை வளைத்து வளைத்துத் துடைத்தார். மூடிப் பக்கமே போவதில்லை. வேற்று மதத்து ஆள், முதலாளி வீட்டு அம்மாள் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை அது. போன வாரத்துச் சந்தனம் காய்ந்து பாதி உதிர்ந்திருக்கும், அதன் மேலேயே அக்கா புதிதாக அப்புவாள். அக்காவுக்கு அவர் அடங்கியதில் ஒரு திருப்தி. அதை நான் அவள் முகத்தில் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது. சனிக்கிழமைதோறும் பெரிய முதலாளி ஏலக்காய் எடுக்கக் குமுளிக்குப் போவார். கூடலூர் தாண்டும் வரை வண்டி ஒழுங்காகப் போகும். மலை ஏறத் தொடங்கிச் சில வளைவு போனதும் இழுவை குறையும், இருமும், அப்புறம் நின்றுவிடும். மலை ஏறும்போது நிற்பதால் மலைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாவம், டிரைவர் செய்யாத வைத்தியம் இல்லை. பம்புக்கு அடியில் அழுக்குத் தங்குகிற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினார். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி ஊதினார், பெட்ரோல் வாய்க்குள் போய் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார். பம்பைப் பிரித்து உள்ளே இருக்கிற சவ்வு கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கிழியவில்லை. மதுரையிலிருந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்தார்கள். மலை ஏறுகிற எஞ்சின் வெக்கையில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, ஈரச் சாக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார் அவர்.

சாக்குப் போட்டதும் வண்டி கிளம்பத்தான் செய்தது. ஆனால் அது சாக்கினால் இல்லை என்று இப்போது தெரிகிறது. வண்டி நின்றதும் டிரைவர் முதலில் பம்பின் மேல் சாக்கை நனைத்துப் போடுவார். பிறகு டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து குச்சி விடுவார். திறக்கும்போது "உஸ்" என்று ஒரு சத்தம் வரும். வெக்கையில் உள்ளே பெட்ரோல் பொங்குகிறது, ஆவி வெளியே வருகிறது என்பார். குச்சியில் பெட்ரோல் இருக்கும். மூடியைத் திருகிவிட்டு வந்து, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலைக் கையால் ஊற்றி எஞ்சினைச் சுற்றினால் கிளம்பிவிடும். சாக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏறி உட்காருவார். மறுபடி சில வளைவு தாண்டி நிற்கும். திருஷ்டி என்றாள் அக்கா. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை இன்னும் கெட்டியாக அரைத்தாள்.

யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன். வண்டி இப்படி நின்று நின்று போனதில், கையால் ஊற்றி ஊற்றிக் கிளப்பியதில், கூப்பன் மாதக் கடைசி வரைக்கும் வரவில்லை. பெரிய முதலாளிக்கு அது உறுத்தத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை குமுளியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று அக்காவும் நானும் கூட வண்டியில் போனோம். எஸ்டேட் லாரிகள் தண்ணீர் ஊற்றுவதற்காக நிற்கிற ஒரு வளைவில் வண்டி நின்றது. லாரிக்காரர்கள் டிரைவருக்குப் பழக்கமானவர்கள், இறங்கி வந்து என்ன அண்ணே என்று விசாரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியபடி மூடியைத் திறந்தார். பின் சீட்டில் இருந்த அக்கா எல்லோர் காதிலும் விழும்படியாகச் சொன்னாள்.

"இங்கன வந்தாத்தான் நிக்கிது. பெட்ரோலுக்குக் காலு மொளச்சு லாரிப் பக்கமா எறங்கிப் போகுதோ என்னமோ."

நான் சிரித்தேன். அக்கா சொன்னால் சிரிப்பதுதானே பழக்கம். டிரைவருக்குக் கேட்டிருக்கும், அவர் கை குச்சியோடு அப்படியே நின்றது. முன் சீட்டில் பெரிய முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி போய் அவர் மனதில் உறுத்திக்கொண்டிருந்த கணக்கோடு சேர்ந்துவிட்டது. மறு திங்கட்கிழமை சந்தை நாள், கடைவாசலில் சுமைக்காரர்களும் தரகர்களும் நிறைந்திருக்கும்போது டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "சாவிய வச்சுட்டுப் போ. பெட்ரோல வித்துத் திங்கிற கை என் வண்டியத் தொட வேணாம்" என்று சொல்லியிருக்கிறார். டிரைவர் சாவியைத் தராசு மேடையில் வைத்துவிட்டு, "நான் எடுக்கல மொதலாளி" என்றாராம். இதைக் கடைப்பையன் வந்து அடுப்படி வாசலில் நின்று சொன்னபோது அக்கா அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "நான் வெளையாட்டாத்தான சொன்னேன்" என்றாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளாகவேதான் சொல்லிக்கொண்டாள்.

புதிதாக வந்த டிரைவர் சின்ன வயது. அவன் கையிலும் வண்டி நின்றது. டிரைவர் வர்க்கமே திருட்டு வர்க்கம் என்று பெரிய முதலாளி பல்லைக் கடித்தார். இப்படி ஒன்றிரண்டு மாதம் போயிருக்கும். ஐப்பசி அடைமழை. ஒரு வெள்ளிக்கிழமை செக்கிலிருந்து புது நல்லெண்ணெய் டின் வந்தது. கொட்டகையில் வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு அப்போதுதான் அக்கா உள்ளே வந்திருந்தாள், கையில் ஈரம் காயவில்லை. டின்னின் தலையில் எதிரெதிர் மூலையில் இரண்டு ஓட்டை போடுவது வழக்கம், ஒன்றில் எண்ணெய் வரும், இன்னொன்று மூச்சுக்கு. ஆணி வைத்து இரண்டையும் அடித்துவிட்டு ஜாடியில் சாய்த்தாள். நூல் மாதிரி இறங்கிய எண்ணெய் மெலிந்தது, குளுக் குளுக் என்றது, நின்றுவிட்டது. டின் நிறைய எண்ணெய் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, சொட்டு வரவில்லை. அக்கா டின்னைப் பார்த்தாள். பிடித்திருந்த அவள் பெருவிரல் மூச்சு ஓட்டையின் மேல் இருந்தது. விரலை எடுத்தாள். "உஸ்" என்றது. எண்ணெய் வந்தது.

அவள் மறுபடி விரலை வைத்தாள். நின்றது. எடுத்தாள். அதே சத்தம். குமுளி மலையில் அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் நாங்கள் கேட்ட சத்தம். ஜாடி நிறைந்து எண்ணெய் தரையில் வழிய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எண்ணெயைக் கொட்டுகிறாயே என்று நான் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. சந்தனம் அப்பியிருந்த அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டின்னைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு, மழையில் கொட்டகைக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். கொண்டை ஊசியை உருவி மூடி மேலிருந்த சந்தனத்தைச் சுரண்டினாள். வாரத்துக்கு ஓர் அடுக்காக, ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. அடியில் அந்த ஓட்டை இருந்தது. அதற்குள்ளேயும் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. ஊசி முனையால் குத்தினாள். உள்ளே இறங்கியது.

பெட்ரோலை இழுக்க இழுக்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போக வழியில்லாவிட்டால் பம்பு என்ன இழுத்தாலும் வராது. மூடியைத் திறந்தால் காற்று போகும், வண்டி ஓடும். மூடினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும். அந்த "உஸ்" வெளியே வருகிற ஆவி இல்லை, உள்ளே போகிற காற்று. அக்கா இதை என்னிடம் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. "அவரு தொடச்சிக்கிட்டே இருந்தாருல்ல" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் மூடிக்குச் சந்தனம் இல்லை. சனிக்கிழமை வண்டி ஓரிடத்திலும் நிற்காமல் குமுளி போய்த் திரும்பியது. அடுத்த வெள்ளியன்று வேண்டுமென்றே மறுபடியும் அப்பினாள். எதற்கு என்று கேட்டேன். "நிக்காமப் போச்சுன்னா நான் காரணமில்லன்னு ஆயிரும்ல" என்றாள். சனிக்கிழமை மாலை வரை வாசலிலேயே நின்றாள். வண்டி இருட்டிய பிறகு வந்து சேர்ந்தது, வழியில் மூன்று இடத்தில் நின்றதாம். அன்று அவள் சாப்பிடவில்லை.

புருஷனிடம் சொன்னாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன், மறைந்து கேட்கவில்லை, அந்த வீட்டில் சுவர்கள் அவ்வளவுதான். பெரிய முதலாளி, "கடைவாசல்ல நாலு பேரு முன்னால சொன்ன சொல்லு. அதத் திருப்பி வாங்குனா நாளைக்கு எவன் என் வார்த்தைக்கு ஏலக்காயத் தூக்கிக் குடுப்பான்? ஓட்டையச் சுத்தமா வச்சுக்க, போதும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். தீபாவளிக்குக் கெங்குவார்பட்டிக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பிவைத்தார். அது போன வண்டியிலேயே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. மூடி சுத்தமாக இருந்ததால் வண்டி நிற்பதே இல்லை. வாரம் தவறாமல் குமுளி போனது, வந்தது, கூப்பன் மிஞ்சியது. பார்த்தீர்களா, அந்த ஆளைத் துரத்தியதும் வண்டி எப்படி ஓடுகிறது என்று கடைவீதியில் பேச்சு. புது டிரைவர் கையில் நின்றதெல்லாம் பழகாத கை என்று ஆகிவிட்டது. கொஞ்சநஞ்சம் சந்தேகப்பட்டவர்களும் நம்பிவிட்டார்கள். வண்டி நல்லபடியாகத் திரும்பி வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் திருடர்தான் என்பதற்கு இன்னொரு சாட்சி. ஹாரன் சத்தம் கேட்டால் அக்கா கொல்லைப்பக்கம் போய்விடுவாள். வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள், கோவிலுக்கு நடந்து போனாள். யாரைப் பற்றியும் ஒரு வரி சொல்வதும் நின்றுபோனது. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவளாவது சோற்றைக் குறைத்தாள், நான் எப்போதும்போல் சாப்பிட்டேன், தூங்கினேன். இப்போது நினைத்தால் அது எப்படி முடிந்தது என்றுதான் தோன்றுகிறது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. தீச்சட்டி எடுக்க வேண்டுதல் என்று சொல்லி அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். வீரபாண்டியில் கும்பிட்டு முடித்ததும், "வா" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. தேனிக்கு வந்து, பின்னால் அடுப்பு கட்டிக்கொண்டு புகை விடுகிற கரி பஸ்ஸில் ஏறினோம். பெரியகுளத்தில் இன்னொரு பஸ். முந்தானையில் ஏதோ முடிந்து வைத்திருந்தாள். வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கெங்குவார்பட்டியில் டிரைவர் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருந்தார். தோப்போரத்தில் சின்ன வீடு. எங்களைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் மனைவி பாய் விரித்தார், அக்கா உட்காரவில்லை. அவரை அக்கா எப்போதும் ஏம்ப்பா என்றும் நீ என்றும்தான் பேசுவாள், முதலாளி வீட்டு வழக்கம் அது. அன்றைக்கு அவள் வாயில் வந்த முதல் சொல் "அண்ணே" என்பது.

"அண்ணே, வண்டி நின்னதுக்குக் காரணம் நான். நான் வச்ச சந்தனம் மூடி ஓட்டைய அடச்சிருச்சு. நீங்க தொடச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் ஓடுச்சு. தொடைக்கக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான். பெட்ரோலு காலு மொளச்சுப் போகுதுன்னு சொன்ன வாயும் இதுதான்."

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மூடி இருந்தது. ஊரில் டாங்கி வாயில் துணியை அடைத்துவிட்டு அதை எடுத்து வந்திருக்கிறாள். அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஓட்டையில் வாயை வைத்து ஊதினார். விரலால் அடைத்துக்கொண்டு ஊதினார், கன்னம் உப்பியது. விரலை எடுத்து மறுபடி ஊதினார். சின்னப் பிள்ளை ஊதல் வாங்கிச் சோதித்துப் பார்ப்பதுபோல் திரும்பத் திரும்ப அதையே செய்தார். நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இவ்வளவுதானா?" என்றார்.

அவர் மூடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"திருடன்னு சொன்னதத் தாங்கிக்கிட்டேன் ஆத்தா. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்ல. வண்டி ஏன் நின்னுச்சுன்னுதான் தெரியல. அக்கக்காப் பிரிச்சுப் பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு, ஆனா நிக்கிது. அப்ப எங்கையிலதான் என்னமோ கோளாறுன்னு நெனச்சேன். தை மாசம் கொடைக்கானல் பஸ்ஸுக்கு டிரைவரா வாங்கன்னு கூப்பிட்டாக. திருட்டுப் பேச்செல்லாம் அவுக கண்டுக்கல. நான்தான் மாட்டேன்னுட்டேன். அத்தன சனத்த ஏத்திக்கிட்டு மலையேறி, நடுவழியில நின்னு பின்னால உருண்டா? ஸ்பேனர் பெட்டியையும் குடுத்துட்டேன்."

தை மாதம். எங்களுக்கு ஐப்பசியிலேயே தெரியும். அவர் அதைக் கணக்குப் போட்டுக் கேட்கவில்லை, எப்போது தெரிந்தது என்று கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள். கேட்காததனால் அவளாகச் சொன்னாள். "ஐப்பசில தெரியும்ணே. வாயத் தெறக்கல." அவர் மனைவி கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர், அப்படியே அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார். டிரைவர் மூடியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "மழைக்காலத்துல இத வெளிய எடுக்காதீக ஆத்தா, டாங்கில தண்ணி எறங்கும்" என்றார். வண்டிக்கு மறுபடி வருகிறீர்களா என்று அக்கா கேட்டதற்கு, ஸ்டேரிங்கை நினைத்தாலே கை கூசுகிறது என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் துணைக்கு வந்தார். எங்களை ஏற்றிவிட்டு, பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கம்பத்தில் இறங்கியதும் அக்கா வீட்டுக்குப் போகாமல் கடைக்கு நடந்தாள். அந்தக் கடைவாசலை அவள் அதுவரை மிதித்ததில்லை. சுமைக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். தராசு மேடை முன்னால் நின்றுகொண்டு, "டிரைவரு திருடல. நான் வச்ச சந்தனத்தாலதான் வண்டி நின்னுச்சு. இதே எடத்துல வச்சுச் சொன்னதுனால இங்கன வந்து சொல்றேன்" என்றாள். பெரிய முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரோ அதை ஒரு வேடிக்கைக் கதையாக எடுத்துக்கொண்டது. பொம்பளை பக்தி பெட்ரோலை அடைத்த கதை என்று சந்தைக்குச் சந்தை சொல்லிச் சிரித்தார்கள், எங்கள் வண்டிக்குச் சந்தனவண்டி என்று பெயர் வைத்தார்கள். ஒரு வரியில் ஒட்டிக்கொள்கிற பெயர். அந்தக் கதையில் டிரைவர் என்று ஒரு ஆளே இல்லை. அக்கா சிரித்தவர்களைத் தடுத்து, அதில் ஒரு மனிதர் இருந்தார் என்று சொல்லிப் பார்ப்பாள். கேட்கிறவர்கள் அதற்குள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அக்கா மூடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பூஜை அலமாரியில் வைக்கவில்லை, எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமை வீடெல்லாம் சந்தனம் வைத்துவிட்டு வந்து, கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, அதை எடுத்து ஒரு தடவை ஊதிப் பார்ப்பாள். ஏன் என்று கேட்கிற அளவுக்கு நான் அறியாதவள் இல்லை. டிரைவர் கடைசி வரைக்கும் மாந்தோப்பிலேயே இருந்து போய்ச்சேர்ந்தார் என்று ஒரு நாள் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அவள் அதை ஊதவில்லை, புடவையால் துடைத்து வைத்துவிட்டாள். அவளும் போன பிறகு அது என்னிடம் வந்தது.

மகனின் வண்டிக்குப் பம்பு மாற்றிவிட்டார்கள். இப்போது மலை ஏறுகிறது. ஏன் நின்றது என்று அவனுக்குத் தெரியும், மெக்கானிக் முள்ளைக் காட்டிச் சொல்லிவிட்டான், அவன் நிம்மதியாக வண்டி ஓட்டுகிறான். அன்று அவன் போன பிறகு நான் மூடியை வாயருகே கொண்டுபோய், ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு ஊதினேன். கன்னம் வலித்தது. விரலை எடுத்தேன், மூச்சு தடையில்லாமல் போனது. அடுப்படியில் வேறு யாரும் இல்லை. அதனால் வாய்விட்டே சொன்னேன். ஆமாண்ணே, இவ்வளவுதான்.